ஒகினோ வீட்டுத் தொட்டி

வால் சீப்பின் நுனியை வாசல் தொட்டித் தண்ணீருக்குள் விட்டு, நூல்பாசியைச் சுருட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார் ஒகினோ தொமொஏ. கடைக்குள்ளே தலை நிறைய உருளைகளைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மாள் கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னும் எவ்வளவு நேரம் தொமொஏ-சான்?"

"உங்க முடி எங்கயும் ஓடிப்போயிடாது. பாசி மூடுனா இதுங்க செத்துப்போயிடும்" என்கிறார் தொமொஏ, திரும்பிக்கூடப் பாராமல்.

அழகு நிலையத்தின் வாசலில் மூன்று தொட்டிகள், மூன்றிலும் தேநீர் நிறத் தண்ணீர். அதில் மிதப்பது முஜினாமோ என்ற பூச்சி தின்னும் நீர்ச்செடி. தெளிந்த குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது, வைக்கோல் ஊறிய இந்தத் தண்ணீர்தான் வேண்டும். வேர் கிடையாது. விரல் நீளத்தில், காட்டு விலங்கின் வால்போலப் புசுபுசுவென்று இருக்கும். இலை நுனிகளில் குட்டிக் குட்டி வாய்கள். நீர்ப்பூச்சி உரசினால் போதும், படக்கென்று மூடிக்கொள்ளும். ஒரு காலத்தில் ஊர்க் குளத்தில் தானாக விளைந்த செடிதான். வெள்ளம் வாரிக்கொண்டு போன பிறகு இந்த ஊர்க்காரர்களின் தொட்டிகளில்தான் பிழைத்துக் கிடக்கிறது. கோடை தொடங்கும்போது எல்லாரும் குளக்கரையில் கூடுவார்கள். வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவரவர் வளர்த்ததில் ஒரு பங்கை, அங்கே மறுபடி பெருகட்டும் என்று கொண்டுபோய்க் குளத்தில் விடவேண்டும்.

"ஒகினோ!" என்று கூப்பிட்டதும் தொமொஏ எழுந்து நடப்பாரே ஒரு நடை! மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த அன்றுகூட அவர் அப்படி நடக்கவில்லை. கல்யாணம் யார் வீட்டில்தான் நடக்கவில்லை? இவ்வளவு செழிப்பான முஜினாமோ யார் வீட்டில் இருக்கிறது?

அவரிடம் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியில் தொட்டியைப் பார்க்காமல் தப்ப முடியாது. "பாருங்க, பாருங்க, புடிச்சிருச்சு! பல்லு இல்ல, ஆனா விடுதா பாருங்க!" கொசுப்புழு நெளிந்தால் அவருக்குக் கொண்டாட்டம். கணவர் தொகுஜி ஒருமுறை கொசுமருந்தை எடுத்துக்கொண்டு வெளியே வர, "அதுங்க சோத்துல விஷம் வைக்கப் போறீங்களா?" என்று போட்ட சத்தத்தில், உள்ளே முடி உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலே கேட்கவில்லையாம்.

எதிர்வீட்டு நெகிஷி அரிசி அப்பளம் சுட்டு விற்பவர். அவரும் இரண்டு தொட்டி வைத்திருக்கிறார். "உங்களுது தொட்டியா நெகிஷி-சான்? நான் பாத்திரம் கழுவுன தண்ணின்னு நினைச்சேன்" என்று தொமொஏ வாரினால், "உங்களுதுதான் கறுகறுன்னு இருக்கே, முடிக்கு அடிக்கிற சாயத்தை ஊத்துறீங்களோ?" என்று அவர் திருப்பி வாருவார்.

இந்தச் செடி வளர்ப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் ஒருவர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவைப்பார்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் வம்சம் இருக்குமல்லவா? தொமொஏ மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. "என் பிள்ளைங்களை நான் பாத்துப்பேன். கண்டவங்க தண்ணியில எதுக்கு விடணும்?" என்பார். தலைக்கனம்தான், வேறென்ன.

இந்த வருடம் குளத்தில் விடும் நாள் நெருங்கும் நேரத்தில், தங்கைக்கு மூட்டில் அறுவைச் சிகிச்சை என்று தொமொஏ வெளியூர் போகவேண்டி வந்தது. தொகுஜி, காலமெல்லாம் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவிய மனிதர். மனைவி திரும்பி வரும்போது வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தார். மூன்று தொட்டிகளையும் கவிழ்த்து, ஊறிக்கிடந்த வைக்கோலை வாரிக் கொட்டி, தூரிகை போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி, செடிகளை அலசி அதில் மிதக்கவிட்டார்.

தொமொஏ வந்து பார்த்தபோது தொட்டி தும்பைப்பூவாக இருந்தது. செடிகள் வெளிறி, கூழாகி, அடியில் படிந்திருந்தன.

"ஏம்மா, அழுக்கா இருந்துச்சேன்னுதான்..." என்றார் தொகுஜி.

தொமொஏ கடைக்குள் போய், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்தான். கணவர்மேல் பாதி, ஒரு கைப்பிடிகூட யாரிடமும் கொடுத்துவைக்காத தன்மேல் மீதி.

அந்த நாளும் வந்தது. போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் ஒகினோ வீடு ஒளிந்துகொண்டது என்ற பேச்சு வரக்கூடாதே! இருப்பதிலேயே நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு, கையில் எதுவும் இல்லாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஒகினோ!"

தொமொஏ எழுந்தார். "இந்த வருஷம் எங்க வீட்டுல இல்ல. செத்துப்போச்சு" என்றார், கடைசி வரிசைவரை கேட்கும் குரலில். தொகுஜி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நெகிஷியின் பெயர். அவர் இரண்டு வாளிகளோடு வந்தார். தொமொஏயின் முன்னால் நின்று ஒன்றை நீட்டினார்.

"ஒரு கை பிடிங்க ஒகினோ-சான். எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"காலையில அப்பள மூட்டை தூக்கும்போது பிடிக்கலையா?"

"அப்பப் பிடிக்கல. இப்பத்தான் பிடிச்சுது."

தொமொஏ வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நல்ல பச்சை. வாய்கள் எல்லாம் விரிந்திருந்தன. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. "தண்ணிதான் கொஞ்சம் வெளுப்பு" என்று முணுமுணுத்தபடி வாளியை வாங்கிக்கொண்டார்.

மீன்கள் தின்னாமல் இருக்க வலை கட்டிய இடத்தில், முழங்கால் ஆழத்தில் இறங்கி, செடிகளை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி விட்டார். அதற்குள் அடுத்த வீட்டுக்காரர்கள் தடதடவென்று குளத்தில் இறங்க, அலை கிளம்பியது. செடிகள் சுழன்று தள்ளாடின.

"மெதுவா! நெகிஷி-சானோட பிள்ளைங்க இருக்குதுங்க!" என்று ஓர் அதட்டல் போட்டார் தொமொஏ. போட்டுவிட்டு அலை வரும் பக்கம் முதுகைத் திருப்பினார். அந்த நல்ல பாவாடையை இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் அகல விரித்துப் பிடித்து, அலை அடங்கும்வரை அப்படியே நின்றார்.