பாட்டை முடிக்கத் தெரியாத ராக் குழு

என் கணவரின் ராக் குழு பல வருடங்களுக்குப் பிறகு இன்று கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டில் ஒன்றுகூடியது. அவர் மட்டும் இப்போது உயிரோடு இல்லை.

எழுதி வைக்காமல், போகிற போக்கில் வாசிப்பதே இவர்கள் பாணி. ஒத்திகையில் முதல் பாட்டு முடியவே இல்லை.

"அண்ணன் தலையாட்டினாத்தான் நிப்பாட்டுவோம், அக்கா. சனிக்கிழமை மேடையில மானம் போகப்போகுது" என்றார் கிட்டார் வாசிக்கும் சேகர்.

"அவரு யாரப் பாத்துத் தலையாட்டினாரு? என்னத்தான். பாட்டு முடியிற இடத்தில நான் கதவடியில நின்னு கண்ணாடியக் கழட்டுவேன், அதப் பாத்துத்தான் அவரு தலையாட்டுவாரு. கொன்வென்ட்ல பியானோ படிச்ச காது இது" என்றேன்.

மறுபடி வாசித்தார்கள். கண்ணாடியைக் கழற்றினேன். எல்லோரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை மேடையில் எனக்கும் ஒரு கதிரை.

என்ன நிறச் சேலை கட்டலாம்? விதவைக்கு வெள்ளை என்று கீழே கொமென்டில் யாரும் எழுத வேண்டாம்.