மார்ச்சில் இனிக்கும் ஆப்பிள்

எங்கள் ஊரில் ஆப்பிள் என்றால் ஆஸ்பத்திரிப் பழம். யாராவது படுக்கையில் விழுந்தால்தான் சொந்தக்காரர்கள் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வரிசையாக வருவார்கள். நன்றாக நடமாடும் ஆளுக்கு ஆப்பிள் வாங்கித் தந்த கதையைத் திருச்சியில் நான் கேட்டதே இல்லை.

அதனால்தான் நான் நியூஜெர்சியிலிருந்து போன் போட்டு, "உனக்காக ஆப்பிள் எடுத்து வச்சிருக்கேம்மா" என்றதும் அம்மா சிரித்தாள்.

"ஏண்டி, எனக்கு என்ன நோயா?"

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் அக்டோபர் மாதம். நாமே பறித்துக்கொள்ளும் ஆப்பிள் தோட்டம் ஒன்றுக்கு என் கணவரும் நானும் போயிருந்தோம். அம்மா முதன்முதலாக என்னைப் பார்க்க மார்ச்சில் வருவதாக டிக்கெட் போட்டாயிற்று. அதுவரை தாங்குமா என்று எடை போடும் பெண்ணிடம் கேட்டேன். நான் பறித்திருந்த பளபளப்பான பழங்கள் கிறிஸ்துமஸைக்கூடப் பார்க்காது என்றாள். கடைசி வரிசையில் இருந்த வைன்சாப் என்ற கருஞ்சிவப்பு வகையைக் காட்டினாள். கடித்துப் பார்த்தேன். கல்லைப் போல இருந்தது, பல் கூசும் புளிப்பு வேறு. குளிரில் கிடந்தால்தான் இது இனிக்கும், மார்ச்சில் தின்று பாருங்கள் என்றாள்.

ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஹீட்டர் இல்லாத கராஜில் வைத்தேன். "ஆப்பிளுக்குக் கராஜ், காருக்கு ஸ்னோவா?" என்று கணவர் கிண்டலடித்தார். ஞாயிறுதோறும் பிரித்துப் பார்த்து, அழுகத் தொடங்கியதை எடுத்து எறிவேன். ஒன்று கெட்டால் பெட்டியே போய்விடும். அன்றைக்குப் போன் பேசும்போதெல்லாம் அம்மா, பேரப்பிள்ளையை விசாரிப்பதைப் போல, "என் ஆப்பிள் எப்படிடி இருக்கு?" என்பாள்.

பிப்ரவரியில் அம்மாவுக்கு மாரடைப்பு. எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. முன்அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் எல்லாம் ரத்தாகிவிடும், அனுமதி வர மாதக்கணக்காகும் என்றார் வக்கீல். அவரிடம் கத்தினேன். அந்த மனிதர் என்ன செய்வார், சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஒரு வாரத்துக்குள் அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி போனில் சொன்னான்.

"கட்டில் பக்கத்துல ஒரே ஆப்பிள்தான்க்கா. அம்மா ஒண்ணைக்கூடத் தொடல. 'இதெல்லாம் சீக்காளிக்கு. எனக்கு அவ அங்க எடுத்து வச்சிருக்கா'ன்னுட்டாங்க."

மார்ச்சில், அம்மா வந்து இறங்கியிருக்க வேண்டிய நாளன்று, பெட்டியைப் பிரித்தேன். தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. கராஜ் படியில் உட்கார்ந்து ஒன்றைக் கடித்தேன். எடை போட்ட பெண் பொய் சொல்லவில்லை. அப்படி ஓர் இனிப்பு. அழுதேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆப்பிள் எப்படி இருக்கிறது என்று கேட்க யாரும் இல்லை.