கரையில் படுத்திருந்தவன்

இல்லை, மதகுக்காரி தன் புருஷனைக் கொல்லவில்லை. கொன்று ஏரிக்கரையில் புதைத்தாள், அதனால்தான் அங்கே மட்டும் புல் காயவில்லை என்று தையல்காரி இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அளவெடுக்கிற நாடாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு சொன்னால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? அவன் உயிரோடு இருக்கிறானே, போலீஸ்காரர்களே அவனிடம் பேசினார்களே என்று கேட்டால், "அது வேற ஆளா இருக்கும்" என்கிறாள். அவளிடம் பேசுவது வாய்க்கு வலி. ஆனாலும் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தையல்காரி உட்கார்ந்து கதை அளக்க ஒரு கடை இன்னும் மிச்சமிருப்பதே அந்த மதகுக்காரியால்தான்.

அந்த ஏரி பயிருக்கும் இல்லை, குடிக்கவும் இல்லை. ஓடையை மறித்து மண்கரை போட்டு, லீவு நாளில் படகு விட்டுப் பொழுது போக்குவதற்கென்றே தேக்கிய தண்ணீர். கரையின் ஒரு கோடியில் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு. அதை ஒட்டி மதகுக்காரியின் ஒற்றை அறை வீடு. கரையின் வெளிப்பக்கச் சரிவு முடிகிற இடத்தில் கீழ்த் தெரு. அந்தத் தெருவில் முதல் வீடு அவளுடைய அக்காவுடையது. இடுப்பு விழுந்து, ஜன்னலோரக் கட்டிலே கதியென்று கிடந்தவள். இரண்டாவது கதவு தையல்கடை. தெருக்கோடியில் நின்று பார்த்தால் படகில் போகிறவர்களின் தலைகள் மட்டும், உடம்பில்லாமல், கரைக்கு மேலே நகர்ந்து போகும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதலில் தூக்கம் வராது. பிறகு பழகிவிடும்.

மதகு வேலை முதலில் புருஷனுடையது. அவன் எதையும் பாதியில் விடுகிறவன். கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடிப்பான். படகு விடுகிற சங்கத்தார் நிழலுக்கென்று ஒரு காலத்தில் கரை மேலேயே ஒரு மரத்தை நட்டிருந்தார்கள். அது பெரிதாகிக் கரையைப் பிளக்கத் தொடங்கியதும் வெட்டச் சொன்னார்கள். அவன் வெட்டினான், அடிக்கட்டையின் மேல் மண்ணைக் கொட்டி மேடாக்கி மிதித்தான், வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டான்.

"வேரு?" என்று கேட்டாள் அவள்.

"அது கிடக்கட்டும். மண்ணுக்குள்ள இருக்கறதை யாரு பார்க்கப் போறா?"

அதே வாரத்தில் அவன் போய்விட்டான். வெளியூரில் அவனுக்கு வேறொரு வீடு, வேறொரு பெண்டாட்டி, அந்த வீட்டில் ஒரு தொட்டில்கூட இருந்தது. அவளுக்குத் தெரியும். ஆனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. "இவன் நிக்க மாட்டான்டி, வேணாம்" என்று கல்யாணத்துக்கு முன்பே அக்கா தலையால் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சொன்னது பலித்தது என்று ஒத்துக்கொள்வதற்குப் பதில் அவள் நாக்கை அறுத்துக்கொள்வாள். "தூரத்துல வேலை" என்றாள். வருஷங்கள் போயின. தூரத்து வேலையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அவன் போன வாரத்தில் மேட்டில் புதுமண், அன்றிலிருந்து வீட்டில் புருஷன் இல்லை. தையல்காரி இரண்டையும் சேர்த்துத் தைத்தாள்.

அந்தக் கோடையில் கரைப் புல்லெல்லாம் கருகிப் பழுப்பானது. வெளிச்சரிவில் ஓரிடம் மட்டும் பச்சை. முதலில் ஒரு முறம் அளவு. பிறகு அது நீண்டது. மேட்டுக்குக் கீழே தலை, அகன்ற தோள், ஒரு பக்கம் நீட்டிய கை, தெருவைப் பார்த்து நீண்ட இரண்டு கால். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஆள் ஒருத்தன் மல்லாந்து கிடக்கிறான் என்று குழந்தைகூடச் சொல்லும். ஊரெல்லாம் அனல் பறக்க, அந்தப் பச்சையில் கால் வைத்தால் உள்ளங்கால் சில்லிட்டது. எங்கிருந்தோ தவளைகள் வந்து அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்தன. கால்கள் வாரத்துக்கு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் வளர்ந்தன.

மதகுக்காரி தினமும் விடிந்ததும் அங்கே போய்க் குனிந்து, காதைப் புல்லில் வைப்பாள். உள்ளே யாரோ அவசரமில்லாமல் மடக்கு மடக்காகத் தண்ணீர் விழுங்குகிற சத்தம். பிறகு பச்சைக்காரனின் பாதத்தருகே கசிகிற நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கரையைச் சோதிக்க வந்த என்ஜினியரம்மா சொல்லிக்கொடுத்தது அது. "தெளிஞ்சு வந்தா பயமில்லை. கலங்கி வந்தா கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம். உடனே ஏரியை இறக்கணும். ஏரி நிறைஞ்சிருக்கும்போது யாரும் அங்க மண்வெட்டி போடவே கூடாது."

தெருவுக்கு இதெல்லாம் தெரியுமா? புருஷனோடு ரகசியம் பேசுகிறாள், அவனைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கிறாள் என்று கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். அக்காவும் ஜன்னலை மூடிவிட்டாள்.

ஒரு காலையில் டம்ளரில் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. கொஞ்ச நேரம் வைத்தாள். அடியில் விரல் நுனியளவு மண் படிந்தது. மதகுச் சக்கரத்துக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவளிடம், மற்றது சங்கத் தலைவரான படகுக்காரரிடம். டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் ஓடினாள்.

"அண்ணே, பூட்டைத் திறங்க. தண்ணியை இறக்கணும்."

"லீவு ஆரம்பிக்கப் போகுதும்மா. ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒரு ஏரியைக் கொட்டச் சொல்றியா?"

"கீழ வீடு இருக்குண்ணே."

"என்ஜினியரம்மா வரட்டும். அவங்க சொன்னா திறக்கறேன்."

போனில் என்ஜினியரம்மா "நாளைக்குக் காலைல வந்துடறேன், அதுக்குள்ள இறக்க ஆரம்பிங்க" என்றார். படகுக்காரர் "நாளைக்குத்தானே வராங்க" என்று துடுப்புக்கு வார்னிஷ் அடிக்கப் போய்விட்டார்.

அவள் திரும்பி வந்தபோது பச்சைக்காரனைச் சுற்றிக் கூட்டம். நாலைந்து பேர் கையில் கடப்பாரையும் மண்வெட்டியும். முன்னால் தையல்காரி, கழுத்தில் நாடாவோடு.

அவள் போய்ப் பச்சையின் நெஞ்சு மேல் நின்றாள். காலடியில் மண் மெத்தை மாதிரி அமுங்கியது.

"தள்ளு. இன்னைக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் தையல்காரி.

"இங்க தோண்டினா கரை போயிடும். நீங்க எல்லாரும் போயிடுவீங்க."

"பார்த்தீங்களா, பயத்துல உளர்றா. ஒண்ணும் இல்லைன்னா தோண்ட விட வேண்டியதுதானே?"

ஒருவன் கடப்பாரையைத் தூக்கினான். அவளுக்கு அந்த ஒரு கணம்தான் இருந்தது. இல்லை என்று சொல்லச் சொல்லத் தோண்டுவார்கள். அக்காவின் மூடிய ஜன்னல் கண்ணெதிரே, பச்சைக்காரனின் பாதத்துக்கு நேராக இருந்தது.

"அவன் இங்க இல்ல" என்றாள். "ஏரிக்குள்ள இருக்கான். மதகு வாய்க்கு முன்னாடி, தண்ணிக்கடியில. நான்தான் போட்டேன்."

ஓங்கிய கடப்பாரை மெல்லத் தாழ்ந்தது. தவளை ஒன்று தாவிப் போகிற சத்தம் கேட்டது. அக்காவின் ஜன்னல் கொஞ்சம் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

பிணம் கிடக்கிற தண்ணீரில் எவன் பணம் கொடுத்துப் படகில் போவான்? சேதி காதில் விழுந்ததும் படகுக்காரர் சாவியோடு தானே ஓடிவந்தார். வார்னிஷ் கையோடு. சக்கரத்தை எவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அவளைக் கூட்டிப் போகாமல், வீட்டிலேயே ஒரு பெண் போலீஸைக் காவல் வைத்தார். காவலுக்கு வந்தவளுக்கு மதகுக்காரிதான் சமைத்துப் போட்டாள்.

"நிஜமாவே போட்டியாக்கா?" என்று பெண் போலீஸ் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தண்ணி வடியட்டும், சொல்றேன். நீ சாப்பிடு."

"இதுல ஒண்ணும் இல்லையே?"

"உப்பு கொஞ்சம் கம்மி."

ஏரி இறங்க இறங்கப் பச்சைக்காரன் காய்ந்தான். முதலில் தலை வெளுத்தது, பிறகு தோள், கை. கடைசியாகப் பாதம். தண்ணீர் போன இடத்தில் கறுத்த சேறு. ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், கண் மூடாத ஒரு ரப்பர் பொம்மை. பிணம் மட்டும் இல்லை.

"எங்கம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அவரையும் என்ஜினியரம்மாவையும் கரையின் உட்பக்கச் சரிவுக்கு அழைத்துப்போனாள். பழைய மரம் இருந்த இடத்துக்குக் கீழே, தண்ணீர் மறைத்துவைத்திருந்த ஒரு துளை. ஒரு முகம் நுழைகிற அளவு. மண்ணுக்குள் விட்ட வேர் மக்கிப் போய், அது படுத்திருந்த இடம் அப்படியே குழாயாகியிருந்தது. கிளை கிளையாக, தோளும் கையும் காலுமாக. அவள் குனிந்து காதை வைத்தாள். படகுக்காரரையும் கூப்பிட்டாள். அவர் காதை வைத்தார்.

கரைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். வறட்டு இருமல். பிறகு, "தண்ணி குடு" என்று ஒரு கிழட்டுக் குரல், காதுக்குள்ளேயே.

அது அந்தப் பக்கம், முதல் வீட்டில், அக்கா. படகுக்காரர் பேயறைந்த மாதிரி எழுந்தார். அதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. வெளிப்பக்கம் மிச்சமிருந்தது ஒரு முழ மண்தான் என்று என்ஜினியரம்மா அளந்து சொன்னார். கடப்பாரை ஓங்கிய இடம் அதுவே.

புருஷன் இருக்கிற ஊரை அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது அக்காவின் கட்டிலருகே வைத்து. அக்கா காதுபடவே சொன்னாள். போனில் அவன், "என்னை எதுக்குத் தேடறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றான்.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள் அக்கா.

"நீ சொன்னது சரின்னு ஆயிடும்ல."

"கொலைகாரின்னு பேர் வாங்கறது அதைவிட மேலா?"

அவள் அக்காவின் தலையணையைத் தட்டிப்போட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வேரையெல்லாம் தோண்டி எடுத்து, களிமண் போட்டு அடுக்கடுக்காக இடித்துக் கரையை மூடினார்கள். மழை வந்து ஏரி நிறைந்தது. பொய் சொல்லிப் போலீஸை அலையவிட்டவளை மதகில் வைத்திருக்க முடியாது என்று சங்கம் கூடி முடிவெடுத்தது. அவளும் கெஞ்சவில்லை. புது மதகுக்காரர் வருகிற நாளில் சாவியை ஆணியில் மாட்டினாள். டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டாள். துணிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்த அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

மழையில் கரை முழுக்கப் பச்சை. புதுமண் போட்ட இடத்தில் மட்டும் புல் முளைக்கவில்லை. அதே தலை, அதே தோள், நீட்டிய கை, இப்போது வெறும் மண்ணாக. அவள் பையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து காதை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

கீழே கரையோரம் கசிந்திருந்த நீரை டம்ளரில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். தெளிந்திருந்தது. அதை அப்படியே அக்காவின் ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"புதுசா வர்றவர்கிட்ட தினமும் பிடிச்சுக் கொண்டாந்து காட்டச் சொல்லு. கலங்கியிருந்தா சத்தம் போடு. அதை நல்லா செய்வ."

"போடி" என்றாள் அக்கா, டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தபடி. "எங்க போற?"

"எங்கயாவது உக்காந்தா சொல்றேன். இப்ப நின்னுட்டிருக்கேன்."

அவள் தையல்கடையைத் தாண்டும்போது மிஷின் நின்றது.

"அந்தப் பையைப் பாருங்க, எவ்வளவு கனமா இருக்கு" என்றாள் தையல்காரி. "எலும்பையும் எடுத்துட்டுப் போறா."

மதகுக்காரிக்கு அது காதில் விழுந்தது. பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.