மகளின் இடது கண்

என் மகள் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு ஆறு வயதாகும்வரை எனக்குத் தெரியாது. மிஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள் நான். தினமும் அந்த முகத்தை இரண்டு கைகளுக்குள் வைத்துத் துடைத்துவிட்டவளும் நான்தான். தம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றுவாள். படியில் கால் வைக்குமுன் தயங்குவாள். எதைப் பார்த்தாலும் தலையைச் சற்றே சாய்த்துக்கொள்வாள். "கவனமில்லாத மூதி" என்று திட்டியிருக்கிறேன்.

கண்டுபிடித்தவர் ஒரு மலையாள வாத்தியார்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. பாறசாலையை ஒட்டிய எங்கள் ஊரில் கூட்டம் நடக்காத வாரம் கிடையாது. என் வீட்டுக்காரர் கொப்பரை வியாபாரி. ஆனாலும் கடையில் இருந்ததைவிடக் கூட்டங்களில் இருந்த நேரம்தான் அதிகம். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம் பார்த்துப் பள்ளியின் தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போக, கொல்லம் பக்கத்து இளைஞர் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். நம் பிள்ளைகளை மலையாளியாக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று ஊரே பேசியது. நானும் பேசினேன்.

வகுப்பு தொடங்கிய முதல் வாரம். மத்தியானச் சோற்றுக்கு வந்த மகள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஸார் எனக்க கண்ணைப் பொத்தி செவருகிட்ட நிறுத்துனாரு. போர்டைக் காட்டிக் காட்டிக் கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல்ல. எல்லாரும் சிரிச்சினும்."

வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மலையாளம் தெரியாத பிள்ளையக் கண்ணைக் கெட்டி நிறுத்துவானாக்கும்? நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வாறேன், பாரு."

"நாலு பேரு போனா நாப்பது பேராவும். பிறகு போலீசு வரும். நான் போறேன்" என்றேன்.

வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகள் முன்னாலேயே கொட்டினேன். "மலையாளம் தெரியாதது எனக்க பிள்ளைக்க குத்தமா ஸாரே? அடிக்கப் பயந்து கண்ணைப் பொத்துறீரோ? உம்ம வீட்டுப் பிள்ளையை இப்படி நிறுத்துவீரா?"

நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை அவர் காத்திருந்தார். பிறகு கரும்பலகையைக் கை காட்டினார். அதில் ஒரு மலையாள எழுத்தும் இல்லை. ஒரு குடை, ஒரு மீன், ஒரு சீப்பு. சாக்பீஸால் சிறியதாக வரைந்திருந்தது.

"சேச்சீ, கோபப்படண்டா. குட்டிக்கு இடத்தே கண்ணு சரியில்லா" என்றார். இடது கண்ணில் கோளாறாம். புது வகுப்புக் கிடைக்கும்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளையும் இப்படிப் பார்ப்பாராம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மேலிடத்து உத்தரவும் இல்லை. எழுத்து தெரியாத பிள்ளையும் சொல்லட்டும் என்றுதான் படமாக வரைந்தாராம்.

நம்பாமல் நின்ற என்னையே அவள் கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொன்னார். மகளைச் சுவரோரம் நிறுத்தி, அவளுடைய இடது கண்ணைப் பொத்தினேன். "குடை, மீனு, சீப்பு" என்று கடகடவென்று சொன்னாள். கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன முகம் மெதுவாகத் திரும்பியது. விரலிடுக்கு வழியாக நல்ல கண்ணால் எட்டிப் பார்க்க முயன்றாள்.

"மக்கா, திரும்பாம சொல்லு."

"ஒண்ணும் இல்லம்மா. பொகையாட்டு இருக்கு."

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "அவன் சொன்னா உனக்கு வேதவாக்காக்கும்" என்றார். நான் மகளின் வலது கண்ணைப் பொத்தி, அவரை எட்டி நின்று விரல்களைக் காட்டச் சொன்னேன். மூன்று விரலை ஐந்து என்றாள். ஒன்றையும் ஐந்து என்றாள். காட்டிய விரலை மடக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

கல்லெறிக்குப் பயந்து பஸ்கள் ஓடாத நாட்கள். வாத்தியார் திருவனந்தபுரத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். சட்டையில் குத்தியிருந்த போராட்டக் கொடியைத் தானே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் கொப்பரை லாரியில் எங்களை ஏற்றினார். நெய்யாற்றின்கரையில் போலீஸ் மறித்தது. அந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துப் போகவிட்டார்கள்.

டாக்டர் விளக்கினார். இடது கண்ணில் பார்வைக் குறை அதிகம், அதனால் மூளை அதைச் சட்டைசெய்வதை நிறுத்திவிட்டது. கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மங்கின கண்ணை வேலை செய்ய வைக்க வேண்டும். "இன்னும் இரண்டு மூன்று வருஷம் விட்டிருந்தால் கஷ்டம்" என்றார். நாலு பேரைக் கூட்டிப் போய் அந்த வாத்தியாரை ஊரைவிட்டு விரட்டியிருந்தால் என்ற நினைப்பு அங்கேதான் முதலில் வந்தது. இன்றுவரை விடவில்லை.

வலது கண்மேல் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டினால் வாசல்நிலையில் இடித்துக்கொள்வாள். "எனக்க நல்ல கண்ணைத் தாம்மா" என்று கெஞ்சுவாள். எத்தனையோ நாள் மனம் இளகிப் பிய்த்து எறிந்தேன். அந்த நாட்களில் வாத்தியார்தான் விடாமல் பிடித்தார். தினமும் ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தனுப்புவார். வாரத்துக்கு வாரம் படங்கள் சிறியதாகும். அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அ, ஆ-வைப் பார்த்துப் பார்த்து, கோலம் போடுவதுபோல வளைத்து எழுதி அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளைப் பார்த்த வீட்டுக்காரர், "கையெழுத்து என்னைவிட நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயால் ஒரு மலையாளியைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

பையன்கள் "ஒத்தக்கண்ணி" என்று கூவியதற்கு அவளே பதில் வைத்திருந்தாள். "போலே! ஒத்தக் கண்ணு வச்சிப் பாத்தாலும் உனக்க மூக்குச்சளி தெரியுது."

எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளப் பக்கமே நின்றுவிட்டது. அந்த வருஷம் டாக்டரின் அட்டையில் மகள் மங்கின கண்ணால் நான்காம் வரிவரை படித்தாள். அன்று சாயங்காலமே வாத்தியாரிடம் போனேன். "அண்ணைக்கு உம்மை ஏசிப்போட்டேன், மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"எத்ர வரி வாயிச்சு?"

"நாலு."

"அஞ்சாமத்தே வரி?"

"இல்லை. அங்கே தடுக்குது."

"எங்கில் நிறுத்தண்டா சேச்சீ. அழட்டே. இனியும் மூணு மாசம் கூடி ஒட்டணும்."

மறுநாள் காலையில் பஞ்சும் பிளாஸ்டருமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு வரி படித்தாயிற்று, இனிமேல் பிளாஸ்டர் இல்லை என்று நினைத்திருந்தவள் வீடே அதிர அழுதாள். ஒட்டினேன்.