அம்மா பேசாதிருந்த பூஜை

பூஜை விடுமுறைக்கு முந்தின வாரம் எங்கள் அலுவலகத்தில் தவறாமல் ஒரு மின்னஞ்சல் வரும். விடுமுறை நாட்களில் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று பாடம் நடத்துவார்கள். மூச்சை மெல்ல இழுங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள், விடுங்கள். நியூ டவுனில் ஏசி அறையில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதையெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே பூஜையில் மொத்தமாகச் செய்து பார்த்தாகிவிட்டது. ஒரு வீட்டில் மூன்று பேர் மன அமைதி தேடி உட்கார்ந்தால் நான்காவது ஆளின் கதி என்னவாகும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். அந்த நான்காவது ஆள் நான்தான்.

அப்போது கல்கத்தாவில் பெஹாலா பக்கம் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். திருநெல்வேலிக்காரரான அப்பாவைத் துறைமுக வேலை இங்கே கொண்டுவந்து போட்டிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. வங்காளிகளுக்குத் துர்கா பூஜை, ஊரில் இருக்கும் தமிழர்களுக்கு நவராத்திரி. எங்களுக்கு இரண்டும் சேர்ந்து தலையில் இறங்கும். வீட்டுக்குள் கொலு, சுண்டல், வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள். ஜன்னலுக்குக் கீழேயே எங்கள் பாடாவின் பந்தல். பாடா என்றால் தெரு மட்டுமல்ல, தெருவின் மனிதர்கள், வம்பு, வசூல் எல்லாம் சேர்ந்தது. விடியும் முன்பே தாக் கொட்டு தொடங்கிவிடும். இது போதாதென்று வருஷம் தவறாமல் பூஜை பார்க்க ஊரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்துவிடுவார்கள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அவள் எது சொன்னாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான் உண்டு: "சரி மதினி." சாம்பாரில் புளி போதாது, சரி மதினி. கொலுப்படி கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், சரி மதினி. அடுக்கிய பொம்மைகளை எல்லாம் அம்மா இறக்கி, படியைத் திருப்பி, மறுபடி அடுக்குவாள். முந்தின வருஷம் தசமியன்று அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். கேட்டதற்குத் தலைவலி என்றாள். நானும் நம்பி, தைலம் எடுத்துவந்து கொடுத்தேன்.

அதனால்தான் போலும், அந்த வருஷம் மொட்டைமாடி யோகா வகுப்பில் யாரோ சொன்னார்கள் என்று அம்மா மௌன விரதம் எடுத்துக்கொண்டாள். சஷ்டி காலையிலிருந்து தசமி மாலை விளக்கேற்றும் வரை பேசக் கூடாது. எழுதிக் காட்டவும் கூடாது, அது கையால் பேசுவதாம். தவிர்க்க முடியாததற்கு மட்டும் சைகை.

அம்மாவைப் பார்த்து அப்பாவுக்கும் ஞானம் பிறந்தது. பால்கனியில் பாயைப் போட்டு, மூக்கை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி. கடைக்குப் போக வேண்டும் என்றாலோ, வந்தவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்றாலோ அப்பாவின் விரல் தானாக மூக்குக்குப் போய்விடும். அத்தை வரும்போதே ஜபமாலையோடுதான் வந்தாள். துணிப்பைக்குள் கைவிட்டு மணி உருட்டுவாள். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் வீட்டை நிர்வாகம் பண்ணுவாள். மாமா மட்டும் எந்த விரதமும் ஜபமும் இல்லாமல் பந்தலில் எக் ரோல் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

நான்தான் மத்தளம். இரண்டு பக்கமும் இடி.

"ஏட்டி, உங்கம்மை என்ன சொல்லுதா?" என்பாள் அத்தை. அம்மா கையைச் சுழற்றுவாள். அது பாத்திரம் துலக்குவதா, மாவு கரைப்பதா, வாசலில் யாரோ வந்திருப்பதா? ஒன்றைச் சொன்னால் அம்மா தலையை ஆட்டி மறுப்பாள், இன்னொன்றைச் சொன்னால் அத்தை உச்சுக் கொட்டுவாள். கீழ் வீட்டு வங்காளிச் சித்தி, நாங்கள் காகிமா என்று கூப்பிடுகிறவள், அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து இஞ்சியும் கற்கண்டும் கொதிக்கவைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அவளுக்கு நான் வங்காள மொழியில் விரதத்தை விளக்கினேன். அவள் இடுப்பில் கைவைத்துச் சிரித்து, "பேஷ் கொரேச்சே!" என்றாள், நல்ல வேலை செய்தாள் என்று. இதில் என்ன நல்ல வேலை இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அத்தைக்கு விரதம் விரதமாகவே தெரியவில்லை. "நாத்தனா வந்து எறங்குத அன்னைக்குத்தான் இவளுக்கு வாய் அடைக்குமோ? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாவ" என்று அம்மா காதுபடவே சொன்னாள். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் நிற்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சப்தமி மாலை எங்கள் பாடா பந்தல் மேடையில் பிள்ளைகளின் நடனம். இரண்டு மாதமாக ஒத்திகை. முதல் தடவையாக என்னை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பந்தலில் எல்லாரும் என்னை 'மதராஸி வீட்டுப் பெண்' என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு ஆடிவிட்டால் அந்தப் பேர் போய்விடும் என்று நான் நம்பினேன். அம்மாவும் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதாக, பேச்சு இருந்த காலத்திலேயே வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று மதியம் அத்தை மணி உருட்டுவதை நிறுத்தினாள். சாயந்திரம் வட கல்கத்தா பந்தல்களைப் பார்க்கப் போகிறோம், நானும் கூட வர வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த வங்காள மொழி காய்கறிக் கடையோடு நின்றுவிடுவதால் வழி கேட்க ஆள் வேண்டுமாம். எனக்கு நடனம் இருக்கிறது என்றேன்.

"ஆட்டத்தை அடுத்த வருசம் ஆடிக்கிடலாம்ட்டி. நாங்க என்ன தெனமுமா கல்கத்தா வாரோம்?"

அப்பாவைப் பார்த்தேன். விரல் மூக்கில் இருந்தது. சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. இவ வரமாட்டான்னு ஒரே ஒரு வார்த்தை. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று அவள் புடவையைப் பிடித்து அழுதேன். அம்மா கண்களை மூடிக்கொண்டாள். அவளை உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது. பெற்ற பெண்ணைவிட விரதம் பெரிதாகப் போய்விட்டதா?

பிறகு அம்மா அடுப்பை அணைத்தாள். உள்ளே போய் என் சிவப்புக்கரைப் புடவையையும் ஆல்தாக் குப்பியையும் எடுத்துவந்தாள். கூடத்தில், அத்தைக்கு நேர் எதிரே என்னை உட்காரவைத்து, அந்தச் சிவப்புச் சாயத்தை என் பாதங்களில் நிதானமாகத் தீட்டத் தொடங்கினாள்.

"என்ன செய்யுதா இவ? ஏட்டி, என்ன சொல்லுதா?"

"தெரியல அத்தை" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

அத்தை தம்பியைக் கூப்பிட்டாள். அப்பா மூச்சை விட்டார், மூக்கின் மறுபக்கத்தை அடைத்துக்கொண்டார். அம்மா புடவையைக் கட்டிவிட்டாள், பூ வைத்தாள், என் கையைப் பிடித்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொலு பார்க்க வந்த இரண்டு மாமிகள் படியேறிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, மேலே கையைக் காட்டிவிட்டு நடந்தாள். சுண்டல் தாளிக்காமல் கிடந்தது. வெற்றிலை எங்கே இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியாது.

வழியெல்லாம் நான் பொருமினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு கலவரம் எதற்கு?

நான் ஆடினேன். இடையில் ஒரு சுற்றைத் தப்பாகச் சுற்றினேன், யாரும் கவனிக்கவில்லை. அம்மா முன்வரிசையில் காகிமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை வலிக்கும்வரை தட்டினாள். இறங்கி ஓடிவந்து எப்படி ஆடினேன் என்று கேட்டேன். கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள், அவ்வளவுதான். நல்லா ஆடினே என்று சொல்லக்கூட வாய் வராத விரதம் என்ன விரதம்! வீட்டுக்கு வரும்வரை அவள் கையைப் பிடிக்காமலே நடந்தேன்.

அதற்குப் பிறகு அத்தையும் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினாள். அவளுடையது விரதமில்லை, கோபம். "உங்கம்மைகிட்ட சொல்லு, காப்பில சீனி கூடுதல்." அம்மா பக்கத்திலேயே நிற்பாள். நானும் சொல்வேன். ஆச்சரியம் என்னவென்றால் அந்த வருஷம் அம்மாவுக்குத் தலைவலி வரவில்லை. பாத்திரம் துலக்கும்போது ஒருநாள் பந்தலின் தாக் தாளத்துக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

தசமி மாலை வந்தது. அம்மா விளக்கேற்றினாள், கொலுவில் ஒரு பொம்மையை வழக்கப்படிப் படுக்கவைத்தாள். விரதம் முடிந்தது. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாகூட விரலை எடுத்துவிட்டார்.

அத்தைதான் முந்திக்கொண்டாள். "எங்க கொழுந்தன் குடும்பமும் பூஜை பாக்கணும்ங்காவ. அடுத்த வருசம் எல்லாருமா கொலு வைக்கதுக்கு முன்னாடியே வந்துருதோம். என்ன?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பால்கனியைப் பார்த்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சரி மதினி."

நான் குதித்தேன். அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது! இனிமேல் நான் யாருக்கும் எதையும் மொழிபெயர்க்க வேண்டாம். படிகளில் தடதடவென்று இறங்கிக் காகிமாவிடம் ஓடினேன். வாசலில் உட்கார்ந்து, தசமிக்கு வருகிறவர்களுக்குத் தட்டில் சந்தேஷ் இனிப்பு அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "கீ போல்லோ?" என்று ஆவலாகக் கேட்டாள், முதல் வார்த்தையாக என்ன சொன்னாள் என்று.

அத்தை கேட்டதையும் அம்மா சொன்னதையும் வங்காள மொழியில் சொன்னேன். அம்மாவின் 'சரி'க்கு, டீக் ஆச்சே.

காகிமாவின் கை நின்றுவிட்டது. எங்கள் பால்கனியைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் கையில் இரண்டு சந்தேஷை வைத்தாள். இவ்வளவு நல்ல செய்தியைச் சொல்லியும் இவள் சிரிக்கமாட்டேன் என்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரண்டையும் அங்கேயே நின்று தின்றுவிட்டு மேலே போனேன்.