பிறை வெடிப்பு விழுந்த பூட்ஸ்

சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கரீம் பாய் வந்தார். "தம்பி, போட்டோக்கார தேவசகாயம் போய்ட்டாராம். உனக்கும் அவருக்கும் ஆவாது, சொல்லலாமா வேணாமான்னு பாத்தேன்."

ஆகாதுதான். ஆம்பூரில் அவர் ஸ்டூடியோவில் படமெடுத்துக்கொண்ட உங்களில் பலருக்கு அது தெரியும். காரணம் தெரியாது.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய போரின்போது அவர் ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவாகக் கப்பலேறி இராக்கின் பஸ்ராவுக்குப் போனவர். கூடவே ஒரு கேமராவும் போனது. நம் பக்கத்துச் சிப்பாய்களையும் படையின் சுமைக்கூலிகளையும் ஆற்றங்கரையில், ஈச்சந்தோப்பில், கூடாரத்தின் முன்னால் நிற்கவைத்து எடுத்த படங்கள் ஸ்டூடியோச் சுவரெங்கும் தொங்கின. ஊரே வியந்தது. நான் சென்னையில் தோல் பதனிடும் படிப்பு முடித்தவன். ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பூட்ஸைத்தான் பார்ப்பேன். ஒரு கூலியின் இடது பூட்ஸ் முனையில் பிறை போல ஒரு வெடிப்பு. அடுத்தவன் காலிலும் அதே பிறை. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். பதினோரு ஆள், ஒரே சோடி பூட்ஸ். சரிதான், பஸ்ராவே பொய், எல்லாம் பாலாற்று மணலில் போட்ட வேஷம் என்று முடிவுகட்டினேன்.

அன்று மாதனூர் ராஜம்மாள் அங்கே வந்திருந்தார். போருக்குக் கூலியாகப் போய்த் திரும்பாத அவர் கணவர் அந்தப் பதினோரு பேரில் ஒருவர். "பொண்ணுக்குக் கல்யாணம்ண்ணே. பந்தல்ல அவங்கப்பா இருக்கணும். பெருசு பண்ணிக் குடுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். "அக்கா, இது பஸ்ராவே இல்ல. நம்ம பாலாத்து மணலு. உங்கள ஏமாத்துறாரு."

ராஜம்மாள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க போவவே இல்லன்னா, அப்ப எங்கதான் போனாரு?"

தேவசகாயம் உள்ளே போய் ஒரு சோடி பூட்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதே பிறை. "எடம் நெஜம்மா. ஆளும் நெஜம். காலு மட்டும்தான் பொய். கூலிக்காரனுக்கு எவன் பூட்ஸ் குடுத்தான்? வெறுங்காலோட வீட்டுக்குப் படம் அனுப்ப வெக்கப்பட்டானுங்க. என்னுத கழட்டிக் குடுத்தேன்."

"அந்த மணல்ல வெறுங்காலா நடந்தாரு?" என்றார் ராஜம்மாள். சுவரிலிருந்த படத்தின் கீழ்ப்பக்கத்தை உள்ளங்கையால் மறைத்து, "கால் தெரியாம பெருசு பண்ணுங்கண்ணே" என்றார்.

அவர் போனதும் தேவசகாயம் என் பக்கம் திரும்பினார். "கண்டுபுடிச்சிட்டியே தம்பி. குஷியா?"

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு பழைய சோடியை வைத்து எவனும் கதை கட்டலாம் என்றுதான் வீடு போகும்வரை நினைத்தேன். பிறகு அந்தப் படி ஏறவே இல்லை.

தேவசகாயத்தின் அடக்கம் முடிந்தபின் அவர் மகள் ஒரு துணி மூட்டையைத் தந்தார். "தோல் படிச்ச தம்பிகிட்ட குடுன்னு அப்பா சொல்லியிருந்தாரு."

அப்போதும் நம்பாமல்தான் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தேன். அன்று மேசையில் முனை மட்டும் என் பக்கம் இருந்தது. பின்பக்கத் தையல் இரண்டு பூட்ஸிலும் மேலிருந்து குதிகால் வரை கத்தியால் கிழிக்கப்பட்டிருந்தது. வெட்டின ஓரம் கறுத்து வழவழத்திருந்தது; வெகுகாலத்துக்கு முந்தைய வெட்டு. வெறுங்காலாகவே நடந்து விரிந்த கூலிகளின் பாதம் அவருடைய சின்ன பூட்ஸில் நுழைந்திருக்காது. நுழைவதற்காகக் கிழித்திருக்கிறார். முன்னாலிருந்து எடுத்தால் படத்தில் தெரியாது. அதற்கப்புறம் அந்தச் சோடியை அவரும் போட்டு நடந்திருக்க முடியாது.

எனக்கு இதை விட்டுப்போனது மன்னித்தா, குத்திக்காட்டவா? குத்திக்காட்டத்தான் என்று சந்தேகம். தோல் பதனிடும் ஷாப்பில் என் மேசைமேல் வைத்திருக்கிறேன், குதிகால் என் பக்கம் இருக்கும்படி.