ரத்தம் பட்ட வண்டி

பரமத்தி வேலூரில் மயில்சாமியின் வண்டியைக் கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. விதைநெல் ஏற்றக்கூடக் கூப்பிடமாட்டார்கள். ஒருமுறை வாழைத்தோப்பில் வெட்டுப்பட்டுக் கிடந்த ஒருவனைப் பார்த்துவிட்டு, மற்ற வண்டிக்காரர்கள் போலீஸ் சாட்சிக்குப் பயந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மயில்சாமி அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வாசலுக்கு வந்தபோது அந்த ஆள் செத்திருந்தான். காவிரியில் வண்டியை இறக்கி மணல் போட்டுத் தேய்த்தும் பலகையில் ஊறிய கறை போகவில்லை. அதன் பிறகு வெற்றிலை வியாபாரிகளும் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அரிவாள் வெட்டு, மாடு குத்திக் குடல் சரிந்தவன், கிணற்றுக்கு வெடி வைத்துக் கை போனவன் என்று இப்படிப்பட்ட சவாரிதான் அவனுக்கு மிஞ்சியது.

அவன் பெரிய தைரியசாலி அல்ல. பின்னால் முனகல் கேட்டால் மாட்டை விரட்டுவான். முனகல் நின்றுவிட்டால் இன்னும் வேகமாக விரட்டுவான். ஆஸ்பத்திரியில் ஆளை இறக்கியதும் திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடுவதுதான் முதலில் அவன் வழக்கம். அங்கே ஞானமணி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. ஒருநாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்று மறித்தாள்.

"யார் வெட்டினாங்கன்னு போலீசுக்குச் சொல்லு. எனக்கு அது வேண்டாம். எப்ப வெட்டினாங்க, எவ்வளவு ரத்தம் போச்சு, வழியில தண்ணி குடுத்தியா, பேசிக்கிட்டு வந்தானா, அது போதும். இவனால சொல்ல முடியாது. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அன்று முதல் மயில்சாமி வழியில் நடப்பதைக் கவனிக்கப் பழகினான். கட்டு எங்கே நனைகிறது, மூச்சு எப்போது இழுக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். வாசலில் நின்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஞானமணி கேட்டுக்கொண்டே கட்டைப் பிரிப்பாள்.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் வாய்க்கால் தண்ணீரில் சண்டை வந்தது. அங்கமுத்துவும் மாதையனும் பக்கத்துப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள். மாதையனுடைய முறை முடியுமுன் அங்கமுத்து மடையைத் திறந்துவிட்டான் என்று ஆரம்பித்த பேச்சு, இரண்டு பக்கத்து ஆட்களும் வரப்பில் கூடியதும் வெட்டாக மாறியது. மாதையன் கொடுவாளை வீசினான். அங்கமுத்துவின் தோள் எலும்புவரை பிளந்தது. அங்கமுத்து விழுந்தபடியே மண்வெட்டியால் மாதையனின் தொடையில் போட்டான். ஒருவனுக்கு நாலு விரல் போயின. இன்னொருவன் வெற்றிலைக் கொடிக்குள் முகம் புதைந்து அங்கேயே செத்தான். போலீஸ் வரும் என்று தெரிந்ததும் நடக்க முடிந்த அத்தனை பேரும் ஓடிவிட்டார்கள். மணியகாரர் மயில்சாமியை வரவழைத்தார்.

"ரெண்டு பேரையும் ஏத்துடா."

"ஏனுங்க, ஒரே வண்டியிலயா?"

"வேற எவன் வாரான்? சாகக் கெடக்கறவன் என்ன பண்ணப் போறான்? ஓட்டு."

அங்கமுத்துவைத் தலைமாட்டிலும் மாதையனைக் கால்மாட்டிலும் வைக்கோலில் கிடத்தினார்கள். மாதையனிடம் கள் வாடை அடித்தது. வழியில் பரமத்தி ஊரைத் தாண்டும்வரை அவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வந்தான். பிறகு திட்டு நின்றது. மயில்சாமி திரும்பிப் பார்த்தான். மாதையன் வெட்டுப்பட்ட காலை இழுத்துக்கொண்டு ஊர்ந்துபோய், அங்கமுத்துவின் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். அங்கமுத்துவின் நாக்கு வெளியே வந்திருந்தது.

மயில்சாமி கத்தினான். தார்க்குச்சியால் முதுகில் குத்தினான். மாதையன் திரும்பவே இல்லை. இழுத்துத் தள்ளப் பார்த்த மயில்சாமியின் கையைக் கடித்துச் சதையைப் பிய்த்தான். அங்கமுத்துவின் கால்கள் பலகையில் உதைத்து உதைத்து ஓய்ந்தன. மயில்சாமி வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த முளைக்குச்சி ஒன்றை உருவி மாதையனின் பின்மண்டையில் ஓங்கி அடித்தான். பச்சை மட்டை முறிவதுபோல ஒரு சத்தம். மாதையன் சரிந்தான்.

அங்கமுத்து இருமினான். மூச்சு வந்தது. மாதையன் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு அசையாமல் கிடந்தான். காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் வந்தது. அதைப் பார்த்ததும் மயில்சாமி மாட்டை இன்னும் வேகமாக விரட்டினான். அவனுக்கு வீட்டில் இருக்கும் மனைவி சென்னியம்மாளின் நினைவு வந்தது. வண்டியில் நடந்ததைப் பார்த்தவர் எவருமில்லை. மண்டைக் காயமும் வாய்க்கால் சண்டையில் பட்டது என்று சொன்னால் நம்பாதவர் இருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் மாதையனின் வாயை மோந்து பார்த்தார். "கள்ளு மயக்கம். தொடைக்குக் கட்டுப் போட்டு ஓரமாப் படுக்கப் போடுங்க. தெளிஞ்சு எந்திரிப்பான்."

ஞானமணி மயில்சாமியைப் பார்த்தாள். "எப்பருந்து இப்படி இருக்கான்?"

அவன் மாதையனின் தலையைத் திருப்பிக் காட்டினான். "கள்ளு இல்லீங்க நர்சம்மா. பரமத்தி வரைக்கும் நல்லாப் பேசிட்டுத்தான் வந்தானுங்க. அந்த ஆளு கழுத்த நெரிச்சான். நான்தானுங்க முளைக்குச்சில மண்டையில அடிச்சுப்போட்டேன். அப்பறம் ஒருக்கா வாந்தி எடுத்தான். காதுல ரத்தம் வருது, பாருங்க."

கம்பவுண்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஞானமணி உள்ளே ஓடி டாக்டரை அழைத்து வந்தாள். மண்டையில் அழுந்தியிருந்த எலும்பை அன்று மாலையே டாக்டர் தூக்கிவிட்டார். மாதையன் பிழைத்தான், ஆனால் இடது கை விளங்கவில்லை. அங்கமுத்துவும் பிழைத்தான்.

போலீஸ் மயில்சாமியை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே பிடித்தது. வழக்கு நடப்பதற்குள் கொடிக்கால்காரர்கள் ராஜியாகிவிட்டார்கள். செத்தவனின் வீட்டாரையும் எப்படியோ சரிக்கட்டினார்கள். கோர்ட்டில் கூண்டேறிய அங்கமுத்து, வண்டியில் நடந்தது எதுவும் தனக்கு நினைவில்லை என்றான். அப்படிச் சொல்லும்போதும் அவன் குரல் கரகரவென்றுதான் வந்தது. ஞானமணி மட்டும் அவன் கழுத்தில் தான் பார்த்த விரல் தடங்களைப் பற்றியும், மயில்சாமி தானாகச் சொன்னதைப் பற்றியும் சாட்சி சொன்னாள். அதனால் மயில்சாமிக்குத் தண்டனை ஒரு வருஷத்தோடு நின்றது. சேலம் ஜெயிலில் செக்கு இழுத்தான்.

வெளியே வந்த மாதமே மாதையனின் தம்பிகள் அவனைச் சந்தைக்குப் பின்னால் மடக்கினார்கள். முதலில் அவன் கண் முன்னால் மாட்டின் பின்னங்கால் நரம்பை அறுத்தார்கள். மாடு உட்கார்ந்து அலறியது. பிறகு அவனைத் தடியால் அடித்தார்கள். தாடை உடைந்து பற்கள் வாய்க்குள்ளேயே விழுந்தன. முழங்கால் சிப்பி நொறுங்கியது. கீழே விழுந்தவனின் விலாவில் ஏறி மிதித்தார்கள்.

யாரோ ஒரு வண்டிக்காரன் அவனைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரிப் படியில் உருட்டிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் ஓடிவிட்டான். ஞானமணிக்கு முகம் அடையாளம் தெரியவில்லை. கையிலிருந்த கடித் தழும்பைப் பார்த்துத்தான் கண்டுகொண்டாள்.

"மயில்சாமி, நான் கேக்கறேன். ஆமான்னா விரலைத் தூக்கு."

தலையா என்றாள். விரல் அசையவில்லை. வயிறா என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து இடது விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினான். பிறகு தன் வாயிலிருந்து வந்த ரத்தத்தை விரலால் தொட்டு, அது நுரையாக இருப்பதைக் காட்டினான். விலா எலும்பு உடைந்து நுரையீரலில் குத்தியிருக்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள். அவனைப் படுக்கவிடாமல் சாய்த்து உட்காரவைத்து மார்பை இறுக்கிக் கட்டினாள்.

அவன் தேற ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. வேலூருக்குத் திரும்ப முடியாது. சென்னியம்மாள் சட்டி பானையோடு நாமக்கல்லுக்கு வந்துவிட்டாள். டாக்டர் அவனை வாசலில் ஆள் தூக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். கால் விந்தினாலும் தோளில் பலம் இருந்தது. கோணிப்போன தாடையால் பேச்சு குழறியது, பழகினவர்களுக்குப் புரியும்.

யுத்த காலத்தில் ஒருநாள் மத்தியானம், மண்டை உடைந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கத்து வண்டி ஒன்று வந்தது. மயில்சாமி அவளை இறக்கி ஸ்டிரெச்சரில் வைப்பதற்குள் வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான். மயில்சாமி நொண்டிக்கொண்டே ஓடி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தான்.

"எறக்கியாச்சல்லோ, கவுத்த உடுங்க."

"சொல்லிப்போட்டுப் போ."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உடுங்க."

மயில்சாமி விடவில்லை. வண்டிக்காரன் சாட்டையால் அடித்தான். முதல் அடி காதோரம் கிழித்தது. அடுத்தது கண்ணுக்கு மேல். மூன்றாவது அடிக்கு மயில்சாமி தலையைக் குனிந்து மாட்டின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டான். கயிறு கையில்தான் இருந்தது. சாட்டையை மறுபடி ஓங்கிய வண்டிக்காரன் அவனுடைய கோணிப்போன முகத்தைப் பார்த்தான். கையை இறக்கினான்.

ஞானமணி படியிறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"காலையிலங்க," என்று வண்டிக்காரன் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான். "உலக்கையில அடிச்சுப்போட்டாங்க. ரெண்டு அடி. மொதல்ல அழுதுட்டு வந்துச்சுங்க. ஏரிக்கரை வந்ததும் பேச்சு நின்னுபோச்சு."